'யஸதா'வுக்குத் தமிழில் என்ன சொல்? 'தேவர்' ஏன் பொருந்தாது?

அன்புடையீர், வணக்கம்.

சரதுஸ்தர் நிறுவிய பண்டைய ஈரானியச் சமயத்தின் மறைநூலான அவெஸ்தாவில், வழிபடப்படும் தெய்வங்களைக் குறிக்கும் 'யஸதா' என்னும் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'தேவர்' போதும் என்ற பரிந்துரையைப் படித்தேன். வேறு எந்தச் சமயத்துக்கும் அது பொருந்தலாம். சரதுஸ்தரின் சமயத்தில் மட்டும் அது பொருளையே தலைகீழாக்கிவிடும். வடமொழித் 'தேவ' என்பதோடு ஒரே மூலத்திலிருந்து வந்த 'தைவ', அவெஸ்தாவில் புறந்தள்ள வேண்டிய பொய்த்தெய்வங்களைக் குறிக்கிறது. அதுவே பாரசீகத்தில் 'தீவ்' ஆகி, பாரசீகக் காப்பியமான ஷாநாமாவில் வீரன் ருஸ்தம் கொல்லும் வெள்ளை அரக்கனின் பெயரில் நிற்கிறது. (உகரம் சேர்த்து எழுதினால் அரக்கன் கடல்சூழ் நிலமாகிவிடுவான் என்பது தனித் தொல்லை.)

'தேவதூதர்' என்ற மாற்றும் எனக்கு நிறைவளிக்கவில்லை. யஸதாக்களைச் செய்தி சுமக்கும் ஏவலராக மட்டும் காண முடியாது. 'யஸ்' என்ற வேர் வடமொழி 'யஜ்' என்பதன் இணை. ஆகவே சொல்லின் நேர்ப்பொருள் வழிபாட்டுக்குத் தகுந்தவர் என்பதே. அவெஸ்தாவின் துதிப்பாடல்களான யஷ்டுகளில் பத்தாவதன் தொடக்கத்தில், தன்னைப் போலவே வழிபாட்டுக்கும் போற்றுதலுக்கும் உரியவனாக மித்ரன் என்னும் யஸதாவைப் படைத்ததாக முழுமுதற் கடவுளான அகுர மஸ்தா சரதுஸ்தரிடம் கூறுகிறார். எட்டாம் யஷ்டு இதைக் கதையாகவே காட்டுகிறது. மழைக்குரிய விண்மீனான திஷ்த்ரியன் வெண்குதிரை வடிவில் வொருகஷக் கடலில் இறங்கி, கருங்குதிரையாக வரும் வறட்சி அரக்கன் அபோஷனோடு பொருது தோற்கிறான். மனிதர் தன் பெயர் சொல்லி வழிபடாததே காரணம் என்று அவன் முறையிட, அகுர மஸ்தாவே அவனுக்கு வழிபாடு செய்து வலுவூட்டுகிறார், அதன்பின்தான் அவன் வென்று மழை பெய்கிறது. படைத்தவரே படைக்கப்பட்டவனை வழிபடும் இந்த வியப்பான இடத்தை விளங்கச் செய்யாத கலைச்சொல்லால் பயனில்லை.

எனவே 'தொழற்குரியர்' என்பதை முன்வைக்கிறேன். 'வேள்விக்குரியர்' வேருக்கு இன்னும் நெருக்கம்தான். ஆனால் வேள்வி என்றதும் தீயில் அவி சொரியும் காட்சியே நம் மனத்தில் எழும், அவெஸ்தா வழிபாட்டின் முதன்மையான யஸ்னச் சடங்கிலோ ஹவோமச் செடியின் சாறு பிழிவதே நடுநாயகம். 'தொழற்குரியர்' பால் வேறுபாட்டுக்கும் இடம் தருகிறது: மித்ரன் தொழற்குரியன், அனாகிதா தொழற்குரியள்.

யஸதாக்களுள் 'அமேஷ ஸ்பெந்தா' என்னும் உயர்குழுவுக்கு 'அமரர்' சொற்பிறப்பால் பொருந்தினாலும், இன்று அது மறைந்தவர் பெயருக்கு முன் இடும் அடைமொழியாகிவிட்டது. 'ஸ்பெந்தா' என்பதில் வளம் பெருக்கும் பொருள் இருப்பதால் 'வளமருள் இறவாதோர்' எனலாம்.

காப்பியத்துக்கு இதே சொல்லை நீட்டக் கூடாது என்பதே என் முதன்மையான வேண்டுகோள். 'யஸதா'விலிருந்து வந்து, முன்பு பன்மையாக இருந்த 'யஸ்தான்', 1010ஆம் ஆண்டளவில் ஃபிர்தௌசி நிறைவு செய்த ஷாநாமாவில் ஒரே கடவுளின் பெயர். அங்கே 'இறைவன்' என்றே பெயர்க்க வேண்டும். வெற்றிக்குரிய யஸதாவான வெரெத்ரக்னன் பாரசீகத்தில் பஹ்ராம் என்ற செவ்வாயாகவும், அனாகிதா நாஹீத் என்ற வெள்ளியாகவும் கோள்களின் பெயர்களில் தங்கிவிட்டார்கள். அவெஸ்தாவில் யஸதாவாக வரும் ஸ்ரவோஷனோ 'சுரூஷ்' என்ற பெயரில் காப்பியத்திலும் நடமாடுகிறான். கொடுங்கோலன் சஹ்ஹாக்கைக் கொல்ல ஓங்கிய மன்னன் ஃபரீதூனின் கையைத் தடுத்து, அக்கொடியவனை மலையில் பிணித்துவைக்கச் சொல்பவன் சுரூஷே. நான் மேலே மறுத்த 'தேவதூதர்' இந்தச் சுரூஷுக்குத் தடையின்றிப் பொருந்தும். ஆகவே நம் பட்டியலில் ஸ்ரவோஷனையும் சுரூஷையும் ஒரே பதிவில் அடைக்காமல், இரண்டு பதிவுகளாக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுட்டு மட்டும் தரலாம்.