ஜப்பானுக்குப் படிக்கக் கிளம்பும் முன் யாரும் சொல்லித் தராதவை: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஈரோட்டிலிருந்து:

வரும் அக்டோபரில் செண்டாய் போகிறேன். தோஹோகு பல்கலைக்கழகத்தில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் முதுகலை. ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகை, தூதரகப் பரிந்துரை வழியாகக் கிடைத்தது. சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தில்தான் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் நடந்தன. அடுத்த வருடம் விண்ணப்பிக்கிறவர்களுக்காக என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் அதிகம் பயந்தது தேர்வுக்கு. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு அடுத்த கட்டம். முதல் சுற்றில் தேறியவர்கள் தாங்களே பேராசிரியர்களுக்கு எழுதி, ‘நாய்தாகுஷோ’ என்கிற சம்மதக் கடிதத்தை வாங்க வேண்டும். எனக்கு வந்த முதல் பதில் மூன்றே வரி. நலம் விசாரிப்பு இல்லை, பாராட்டும் இல்லை. ஆய்வுத் திட்டத்தின் இரண்டாம் பக்கத்தில் நான் எழுதியிருந்த ஒரு அனீலிங் (பொருளைச் சூடாக்கி மெல்ல ஆறவிடுவது) வெப்பநிலையைச் சுட்டி, ‘ஏன் இந்த அளவு? இதைவிடக் குறைவாக வைத்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டிருந்தார். அந்தப் பக்கத்தை அவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இரண்டு நாள் நூலகத்தில் இருந்து பதில் எழுதினேன். அதன்பிறகுதான் வீடியோ அழைப்பு, கடிதம் எல்லாம். அதனால் தம்பி தங்கைகளே, இணையத்தில் கிடைக்கும் மாதிரித் திட்டத்தைப் பார்த்து எழுதாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் உங்களிடம் காரணம் இருக்க வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை, ஜே.எல்.பி.டி. என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை முடித்திருக்கிறேன். வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு மாதிரி பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற சொற்களும் நமக்குப் பழக்கமானவை என்பதால் வாக்கியம் சீக்கிரம் கைவந்துவிடுகிறது. சீனத்திலிருந்து வந்த ‘காஞ்சி’ எழுத்துகள்தான் உயிரை வாங்குகின்றன. ஒன்றை மறக்காதீர்கள்: ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. என்5-இலிருந்து என்1 வரை எதிலும் வாய் திறக்கவே வேண்டாம். சான்றிதழை நம்பி இருக்காமல் தினமும் யாருடனாவது பேசுங்கள்.

அங்கே இருக்கிற அண்ணன் அக்காக்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். போன பிறகு எது உங்களைத் திணறடித்தது?

ஒசாகாவிலிருந்து:

தங்கச்சி, வாழ்த்துகள். உன் பாஸ்போர்ட்டை எடுத்து ‘சர்நேம்’ என்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார். நம்மில் பாதிப் பேருக்கு அங்கே அப்பா பெயர் இருக்கும். என் அப்பா பெயர் முத்துராமலிங்கம். ஜப்பானில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும், அதைத்தான் கூப்பிடவும் செய்வார்கள். விமான நிலையத்தில் தரும் வசிப்பிட அட்டை, மாணவர் அட்டை, மருத்துவமனை எல்லாவற்றிலும் நான் முத்துராமலிங்கம்தான். ஆய்வகக் கதவருகே ஒரு பலகை உண்டு. யார் அறையில் இருக்கிறார், யார் வகுப்பில், யார் வீட்டுக்குப் போய்விட்டார் என்று காந்த வில்லையை நகர்த்தி வைக்க வேண்டும். என் வில்லையில் அப்பா பெயர், அதுவும் இடம் போதாமல் பாதியில் வெட்டுப்பட்டு. முதல் கருத்தரங்கு முடிந்ததும் சென்செய் (பேராசிரியர்) என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘உன் வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?’ என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் காலை பலகையில் என் பெயரோடு புது வில்லை இருந்தது. அவரே எழுதியிருக்கிறார். அந்த மனுஷனுக்காக ராத்திரி எத்தனை மணி வரை வேண்டுமானாலும் ஆய்வகத்தில் இருப்பேன்.

பெயரால் வருகிற பணச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. வங்கிக் கணக்கில் உன் பெயர் கத்தாகானா என்கிற ஜப்பானிய ஒலியெழுத்தில் இருக்கும். நம் பெயரை ஒவ்வொரு அலுவலரும் தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். என் கணக்கில் ஒரு நெடில் கோடு இருந்தது, உதவித்தொகைப் படிவத்தில் அது இல்லை. அந்த ஒரு சின்னக் கோட்டுக்காக முதல் மாதப் பணம் திரும்பிப் போய்விட்டது. ஆகவே ஊரில் இருக்கும்போதே உங்கள் சென்செய்யிடம் கேட்டு, கத்தாகானாவில் பெயரை ஒரே மாதிரி முடிவு பண்ணி, தாளில் எழுதி பர்சில் வைத்துக்கொள். யார் கேட்டாலும் பேசாமல் அந்தத் தாளை நீட்டு. மதிப்பெண் பட்டியலில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் விரிவான பெயரும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரமும் வாங்கிவிடு. அதற்காக இங்கிருந்து ஊருக்குத் திரும்ப முடியாது.

சுகுபாவிலிருந்து:

அம்மாமார்கள் பெட்டி கட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

மிக்சி வேண்டாம். இங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் ஊர் மிக்சி 230 வோல்ட்டுக்குச் செய்தது. பொடி வகைகளை ஊரிலேயே அரைத்துக் கொண்டு வாருங்கள். குக்கர் கொண்டு வரலாம். ஆனால் வாங்கும் முன் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது. நிறைய விடுதிகளில் அந்த அடுப்புதான். என் அறைத் தோழி ஊரிலிருந்து தூக்கி வந்த ஐந்து லிட்டர் அலுமினிய குக்கர் நான்கு வருடம் அரிசி டப்பாவாக இருந்தது.

சிக்கன் ஊறுகாய் உட்பட இறைச்சி கலந்த எதையும் விமான நிலையத்தில் விட மாட்டார்கள். பழம், காய், பச்சைக் கறிவேப்பிலைக்கும் கட்டுப்பாடு உண்டு. வீட்டில் எவ்வளவு அழுதாலும் வைக்க விடாதீர்கள்.

மருந்து விஷயத்தில் மிகவும் கவனம். மருத்துவர் எழுதித் தந்த மருந்து ஒரு மாதத்துக்கு மேல் எடுத்து வந்தால் முன்கூட்டியே ஜப்பான் அரசின் இறக்குமதி உறுதிச் சான்று வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். நம் மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைக்கும் சளி, இருமல் மருந்துகள் சிலவற்றில் சூடோஎஃபெட்ரினோ கோடீனோ இருக்கும். அவற்றுக்கு இங்கே கடுமையான கட்டுப்பாடு. அட்டையின் பின்புறம் படித்துப் பார்த்து எடுத்து வையுங்கள்.

சைவமா? மிசோ சூப்பில்கூட பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். கடையில் விற்கும் கறிக்குழம்புக் கட்டிகளில் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும். பருப்பு, புளி, கடுகு எல்லாம் டோக்கியோவில் ஷின்-ஓகுபோவிலும் நிஷி-கசாயிலும் கிடைக்கும். அதனால் பெட்டியில் மளிகையைக் குறைத்து நல்ல ஜாக்கெட்டுக்கு இடம் விடுங்கள். செண்டாய்க் குளிர் ஈரோட்டுக்காரருக்குப் புதிது.

டோக்கியோவிலிருந்து:

எல்லாரும் ஸ்காலர்ஷிப் பத்தியே பேசறீங்க. நான் சொந்தக் காசுல வந்தவன், அதனால என் பக்கத்தையும் சொல்லணும்.

‘பார்ட் டைம் வேலை பாத்தே ஃபீஸ் கட்டிடலாம்’னு ஊர்ல ஒரு ஏஜெண்ட் எங்கப்பாகிட்ட சத்தியம் பண்ணாத குறையா சொன்னார். கணக்கு போட்டுப் பாருங்க. மாணவர் விசால வாரம் 28 மணி நேரம்தான் வேலை பாக்கலாம், அதுவும் அனுமதி வாங்கின பிறகு. நீண்ட விடுமுறையில மட்டும் தினம் எட்டு மணி நேரம். மணிக்கு 1,250 யென்னுன்னு வெச்சாலும் மாசம் 1,40,000 பக்கம் வரும். டோக்கியோல வாடகை, சாப்பாடு, போன், ரயில், காப்பீடு போக அதுல மிச்சம் ரொம்பக் கொஞ்சம். அரசுப் பல்கலைக்கழகத்துலயே வழக்கமான ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000. வேலை சாப்பாட்டுக்கு உதவும், படிப்புக்கு உதவாது. இதை அப்பா அம்மாகிட்ட வெளிப்படையாச் சொல்லிட்டு, முதல் வருஷப் பணத்தைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் கிளம்பணும்.

இறங்கற அன்னிக்கே விமான நிலையத்துல அந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பம் குடுத்துடுங்க. வசிப்பிட அட்டையில பின்பக்கம் முத்திரை குத்தித் தருவாங்க. வீடு அமைஞ்சதுலேர்ந்து 14 நாளுக்குள்ள வார்டு ஆபீஸ்ல முகவரியைப் பதியணும். அதே நடையில மருத்துவக் காப்பீட்டுல சேருங்க, ஆஸ்பத்திரிச் செலவுல 30 சதவீதம் மட்டும் நம்ம பொறுப்பு. 20 வயசு ஆயிடுச்சுன்னா தேசிய ஓய்வூதியச் சந்தா கேட்டுக் கடிதம் வரும். மாணவர்களுக்குத் தள்ளிவைக்கிற சலுகை இருக்கு, ஆனா நாமதான் விண்ணப்பிக்கணும்.

யாராவது ‘ரெண்டு கடையில பிரிச்சு வேலை பாரு, 28 மணி நேரம் யாருக்குத் தெரியும்’னு சொன்னா கேக்காதீங்க. விசா நீட்டிக்கப் போறப்ப வரிச் சான்றிதழ் கேட்டாங்கன்னா ரெண்டு கடைச் சம்பளமும் ஒரே தாள்ல வந்துடும். என்கூட மொழிப் பள்ளியில படிச்ச பையன் அப்படித்தான் பாதியில ஊருக்குப் போனான். என்னைவிட நல்லா ஜப்பானியம் பேசுவான்.