புதுப்பிப்பு: சைலன்சரைத் திறந்த 58 சிசி செயின்சா

போன மாதம் எழுதியது நினைவிருக்கலாம்: என் 58 சிசி செயின்சாவின் சைலன்சர் ஓட்டையைப் பெரிதாக்கியதும் மெஷின் பேய் மாதிரிச் சுற்றியது, ஆனால் இரண்டாவது டேங்கிலேயே சூடாகி இழுவை போய்விட்டது. காரணம் தெரிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

புகை வெளியேற வழி கூடினால் உள்ளே வரும் காற்றும் கூடும். அதற்கேற்ப பெட்ரோலும் கூட வேண்டும். முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற கார்புரேட்டரின் எச் ஸ்க்ரூவை நான் தொடவே இல்லை. வெறும் சீறலைப் பவர் என்று நம்பிவிட்டேன். இந்த மெஷினில் ஆயிலைப் பெட்ரோலில் கலந்துதான் ஊற்றுகிறோம்; பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறையும். சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில் மெல்லிய கோடுகள். நல்லவேளை, நகத்தில் தட்டுகிற அளவுக்கு இல்லை.

இப்போது எச் ஸ்க்ரூவை இடப்பக்கம் கால் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பியிருக்கிறேன். சும்மா முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் லேசாகத் திக்கும். மரத்தில் இறக்கியதும் சத்தம் தெளியும். அதுதான் சரியான இடம். ஆயில், லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி.

அழுத்தம் கூட, சிலிண்டருக்கு அடியில் இருக்கும் பேஸ் கேஸ்கெட் தகட்டை எடுத்துவிடச் சொன்ன அண்ணனுக்கு: ஈயக்கம்பி விட்டு நசுக்கி அளந்தேன், பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரின் மேல்பக்கத்துக்கும் அதற்கும் இடைவெளி 0.8 மில்லிமீட்டர். கேஸ்கெட் 0.5. எடுத்தால் மிஞ்சுவது 0.3தான், பிஸ்டன் இடித்துவிடுமுங்க. அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று காங்கேயம் பக்கம் மாமாவின் கொறங்காட்டில் (மேய்ச்சல் காடு) காய்ந்து சாய்ந்த வெள்வேல மரத்தில் ஓட்டினேன். மூன்று டேங்க், இழுவை குறையவில்லை. ஆனால் காலையில் செயினுக்கு அரம் போட்டதில் கிடைத்த வேகம், சைலன்சர் வேலையில் கிடைத்ததைவிட அதிகம். மாமா முதலிலேயே சொன்னார். சத்தம்தான் இப்போது பக்கத்துத் தோட்டம் வரை கேட்கிறது.