ஜிஎக்ஸ்200 இன்ஜினில் கவர்னரைக் கழற்றினால் கோ-கார்ட் வேகம் கூடுமா?

கார்ட்_பசங்க:
அண்ணன்மார்களே, கல்லூரி ப்ராஜெக்டுக்காக நாலு பேர் சேர்ந்து கோ-கார்ட் கட்டியிருக்கிறோம். பழைய கான்கிரீட் வைப்ரேட்டரிலிருந்து கழற்றிய ஹோண்டா ஜிஎக்ஸ்200, 196 சிசி. சென்ட்ரிஃபியூகல் கிளட்ச்சில் (சுற்றுக் கூடினால் தானாகப் பிடிக்கிற கிளட்ச்) 10 பல், பின் அச்சின் செயின் சக்கரத்தில் 60 பல், டயர் 11 அங்குலம். எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஃபோன் ஜிபிஎஸ்ஸில் 26 கிலோமீட்டரைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. கவர்னர்தான் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் பிடித்து வைத்திருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டால் 6,000 வரை ஏறும் என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். சைடு கவரைத் திறந்து கவர்னர் பல்சக்கரத்தை எடுத்தால் போதுமா, வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா? அடுத்த வாரம் டெமோ, சீக்கிரம் சொல்லுங்கள்.

பட்டறை_மாமா:
தம்பி, ஸ்பானரைக் கீழே வை. முதலில் ஒரு கணக்கு. 11 அங்குல டயர் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 88 செ.மீ. போகும். 26 கி.மீ. வேகத்துக்கு அச்சு நிமிடத்துக்கு 490 சுற்றுச் சொச்சம் சுற்ற வேண்டும், உன் பல் விகிதம் ஆறுக்கு ஒன்று, அப்படியென்றால் இன்ஜின் 3,000-ஐக்கூடத் தொடவில்லை. கவர்னர் இன்னும் தன் வேலையையே ஆரம்பிக்கவில்லை, அதைப் போய்க் குற்றம் சொல்கிறாய்.

கவர்னர் என்றால் வேகத்தைக் கட்டிப்போடும் கயிறு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம், அதில் சின்ன எடைகள். சுற்றுக் கூடக் கூட எடைகள் விரிந்து த்ராட்டிலை (கார்புரேட்டரில் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) மூடப் பார்க்கும், வெளியே இருக்கிற ஸ்பிரிங் திறக்கப் பார்க்கும். உன் கேபிள் இழுப்பது அந்த ஸ்பிரிங்கைத்தான், கார்புரேட்டரை நேரடியாக இல்லை. மேட்டில் ஏறும்போது சுற்று குறைந்தால் கவர்னர் தானாகவே த்ராட்டிலை முழுக்கத் திறந்துவிடும். அதனால் சமதரையில் 3,000-இலேயே நிற்கிறது என்றால் எனக்கு ரெண்டு சந்தேகம்தான்: பெடலை முழுக்க மிதித்தும் கேபிள் இழுக்கிற இன்ஜின் லிவர் கடைசி வரை வரவில்லை, இல்லையென்றால் பிரேக் உரசுகிறது.

கவர்னர் கையையும் பார். அதன் நட்டைத் தளர்த்தி, த்ராட்டில் முழுக்கத் திறக்கும் பக்கம் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து வரும் தண்டையும் அதே திசையில் முட்டும் வரை திருப்பி, அப்படியே இறுக்கு. இன்ஜினை இடம் மாற்றும்போது யாராவது அதைத் தொட்டிருப்பார்கள்.

ஒருமுறை_பட்டவன்:
நான் கழற்றியவன், அதனால் சொல்கிறேன். இதே மாதிரி 196 சிசி, ஆனால் விலை குறைந்த நகல் இன்ஜின். முதல் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை சொர்க்கம். மூன்றாவது ஞாயிறு நேர்ரோட்டில் முழு மிதியில் போகும்போது டமார் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரே அமைதி. இறங்கிப் பார்த்தால் பிளாக்கில் எலுமிச்சம்பழம் போகிற அளவு ஓட்டை, அதற்குள்ளிருந்து கனெக்டிங் ராடின் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) பாதி எட்டிப் பார்க்கிறது, ரோடெல்லாம் ஆயில். ஆயிலில் வெள்ளி ஜிகினா தூவிய மாதிரி அலுமினியத் தூள்.

ராட் அலுமினியம், ஆயில் பம்ப் கிடையாது, ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி ஆயிலை வாரி அடிப்பதுதான் மொத்த லூப்ரிகேஷன். 3,600-இலிருந்து 5,400-க்குப் போனால் சுற்று ஒன்றரை மடங்குதான், ராடின் மேல் விழும் இழுப்பு இரண்டே கால் மடங்கு. ராடாவது பிளாக்கைத்தான் உடைக்கும். வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் அந்த வேகத்தில் சிதறினால் மேலே இருக்கிற தகர மூடி ஒன்றும் தடுக்காது, கார்ட்டில் அது உன் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. ரேஸ் ஓட்டுகிறவர்கள் கழற்றுகிறார்கள், உண்மைதான். அவர்கள் பில்லட் (முழு உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த) ராட், பில்லட் ஃப்ளைவீல், கெட்டியான வால்வு ஸ்பிரிங் எல்லாம் போட்டுவிட்டுக் கழற்றுகிறார்கள். வீடியோவில் அந்தச் செலவுக் கணக்கைக் காட்ட மாட்டார்கள்.

இன்னொன்று, வெளியே கவர்னர் கையைக் கார்புரேட்டரோடு இணைக்கிற மெல்லிய ராடை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். த்ராட்டிலை மூடுவதற்குத் தனியாக ரிட்டர்ன் ஸ்பிரிங் இல்லை, கேபிள் அறுந்தால் இன்ஜின் கத்திக்கொண்டே போகும். உள்ளே சும்மா சுற்றும் அந்தப் பிளாஸ்டிக் பல்சக்கரமும் உடைந்து கிராங்க் பல்லில் மாட்டலாம்.

பட்டறை_மாமா:
இவர் சொன்னது சரி. கூடவே இதையும் யோசி: இந்த இன்ஜினின் அதிகபட்ச டார்க் 2,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. அந்தச் சின்ன கார்புரேட்டரையும் சைலன்சரையும் வைத்துக்கொண்டு 6,000 சுற்றினால் சத்தம்தான் கூடும். வேகம் வேண்டுமென்றால் பல்லை மாற்று, 60-க்குப் பதில் 48 போட்டால் 3,700 சுற்றிலேயே 40-ஐத் தொடும். ஒரு டாக்கோமீட்டர் வாங்கி பிளக் வயரில் சுற்று, சில நூறு ரூபாய்தான். அதில் ஒரு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் என்று வைக்க மறக்காதே, இந்த இன்ஜின் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் ஸ்பார்க் அடிக்கும். மாற்றி வைத்துவிட்டு 7,000 காட்டுகிறது என்று இங்கே வந்து நிற்காதே.

கார்ட்_பசங்க:
மாமா, கேபிள்தான்! வெளி உறையைப் பிடிக்கும் கிளாம்ப் நழுவி, பெடல் தரையில் முட்டிய பிறகும் லிவர் அரை விரல் அளவு பாக்கி இருந்தது. சரிசெய்ததும் அதே 60 பல்லில் 33 வந்தது, டாக்கோவில் 3,750. இப்போது 48 போட்டிருக்கிறோம், 39 வரை போகிறது. ஆனால் நின்று கிளம்பும்போது கிளட்ச்சிலிருந்து கருகிய வாசனை வருகிறது, எங்களில் குண்டான ஆள் உட்கார்ந்தால் இன்னும் மோசம்.

பட்டறை_மாமா:
பல் குறைத்தால் கிளம்பும்போது கிளட்ச் அதிக நேரம் வழுக்கும், அதுதான் வாசனை. 54 கிடைத்தால் போட்டுப் பார். டெமோ அன்று ஒல்லியான பையனை உட்கார வை.