மெயில் குழுவா, ஃபோரமா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

குளத்தங்கரை, திருப்பூர்

வணக்கமுங்க. ஞாயித்துக்கிழமையானா நஞ்சராயன் குளத்துக்குப் போற பறவை பார்க்கிற கூட்டம் நாங்க. ஒரு 60 பேர் இருப்போம். பேச்செல்லாம் வாட்ஸ்அப்லதான். போன வாரம் ஒரு காலேஜ் பொண்ணு வந்து, "வரித்தலை வாத்து எந்தெந்த வருசம் எத்தனை வந்துச்சுன்னு குறிப்பு இருக்குங்களாண்ணா"ன்னு கேட்டுச்சு. இருக்கு. குட்மார்னிங் ரோசாப்பூவுக்கும் யாரோட பேரனோ வெட்டுன பொறந்தநாள் கேக்குக்கும் நடுவுல எங்கியோ இருக்கு. பொழுதோட உக்காந்து ராத்திரி பதினொன்னு வரைக்கும் தேடியும் ரெண்டு வருசத்துக்குத்தான் கிடைச்சுது. 2024ல குளம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேர்ந்தப்ப எல்லாரும் துள்ளிக் குதிச்சோம். அன்னைக்குப் போட்ட படங்களே இப்ப என்ற போன்ல இல்லை.

எதுக்காச்சும் மாறணும்னு முடிவாயிருச்சு. பெரியவங்க, ஒருத்தர் எழுதுனா எல்லார் பெட்டிக்கும் போற மெயில் குழுங்கறாங்க. பசங்க, ஒரு வெப்சைட்டுல தலைப்புவாரியா பேசற ஃபோரம்ங்கறாங்க. ரெண்டுலயும் பட்டவங்க சொல்லுங்க.

அமராவதி ஆத்து மணல், கரூர்

நான் பழங்காசு சேர்க்கிறவன். பட்டதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

2001ல ஒரு மெயில் குழுவுல சேர்ந்தேன். ஊட்டுல கம்ப்யூட்டர் கிடையாது. பிரௌசிங் சென்டர்ல மணிக்கு 30 ரூபா. ஒருக்கா ஒரு புண்ணியவான் ரோமானியக் காசு ஒன்னை ஸ்கேன் பண்ணி 2 எம்பிக்கு அனுப்பிட்டாரு. அது இறங்கறதுக்குள்ள என்ற ஒரு மணி நேரமும் போச்சு. அடுத்த நாள் குழுவுல ஒரே சண்டை. கடைசியில படம் 50 கேபிக்கு மேல கூடாது, எடையும் விட்டமும் கட்டாயம் எழுதணும்னு சட்டம் போட்டாங்க.

அந்தச் சட்டந்தான் எங்களை எழுத வெச்சுது. படம் காட்ட முடியாதவன் வாயாலதானே காட்டணும்? "முன்பக்கம் தலை வலப்பக்கம் பார்க்குது, மேல 'மாக்கோதை'ங்கற சேரர் பேரு எழுத்துல கடைசி ரெண்டு தேஞ்சு கிடக்குது, ஓரம் ஒரு பக்கம் தட்டையா இருக்குது"ன்னு ஒரு காசுக்கு அரைப்பக்கம் எழுதுவோம். எழுதறதுக்காகவே காசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். இப்ப பசங்க பளபளன்னு படம் போட்டு "இது என்னங்க?"ன்னு மூனு வார்த்தையோட நிறுத்திக்கிறாங்க.

2006 வாக்குல எல்லாரும் ஃபோரத்துக்கு மாறுனோம். பொய் சொல்லக்கூடாது, சொகமா இருந்துச்சு. சேரர் காசுக்கு ஒரு அறை, ரோமானியக் காசுக்கு ஒரு அறை, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக்கு ஒன்னு. வெள்ளலூர், பொள்ளாச்சியில கிடைச்ச ரோமானியக் காசுப் புதையலைப் பத்தி மட்டும் ஒரே இழையில, அதாவது ஒரே தலைப்புக்குக் கீழ, மூனு வருசம் பேசுனோம். தோட்டத்துல தோண்டுனேன், பானை நெறைய வந்துச்சுன்னு ஒருத்தர் படம் போட்டப்ப, நடத்துனவர் அஞ்சு நிமிசத்துல அதைத் தூக்கிட்டு, புதையல் சட்டம் 1878லயே வந்தது, கலெக்டருக்குத் தகவல் சொல்லணும்னு எடுத்துச் சொன்னாரு. மெயில்ல இது நடக்காதுங்க. போனது போனதுதான், எல்லார் பெட்டியிலயும் உக்காந்திருக்கும்.

அப்பறம் நடத்துனவரு வெளிநாடு போயிட்டாரு. டொமைன், அதாவது ஃபோரத்தோட வெப் முகவரியை, புதுப்பிக்கச் சொல்லி வந்த கடுதாசி அவரு பார்க்காத பழைய முகவரிக்குப் போயிருக்கு. ஒரு நாள் காலையில திறந்தா ஏதோ சூதாட்ட விளம்பரம். ஆறு வருசப் பேச்சு, அத்தனை படம், ஒன்னும் இல்லை. பேக்கப் யாருகிட்டயும் கிடையாது. அவரைக் குத்தம் சொல்லவும் மனசு வரலை. காசு வாங்காம செஞ்ச மனுசன்.

ஆனா பழைய மெயிலு? வெள்ளகோயில்ல ஒரு நண்பர் ஊட்டு அட்டாரியில கிடந்த கம்ப்யூட்டர்ல இருந்து 2001 முதல் அத்தனையும் எடுத்தோம். எல்லாம் யூனிகோடுக்கு முன்ன புழங்குன டிஸ்கி எழுத்து. திறந்தா கிறுக்கல் கிறுக்கலா வந்துச்சு. யூனிகோடுக்கு மாத்திக் கொடுத்தோடனே தமிழ் வந்துருச்சு. ஆளுக்கொரு படி இருந்ததால பொழைச்சுது.

மாடித்தோட்டம் அம்மணி, கோவை

அண்ணா சொல்றதைப் படிச்சா மெயில் குழு சொர்க்கம் மாதிரி இருக்கு. எங்க செடிக் குழுவுக்கு வந்து பாத்திருக்கணும்.

பதில்னு அழுத்துனா அது எல்லாருக்கும் போற மாதிரி வெச்சிருந்தாங்க. ஒருத்தி இன்னொருத்திக்குன்னு நெனச்சு "அந்தக்கா கத்தரிக்குச் சொல்ற மருந்தை நம்பாதடி, அவங்க மாடியில ஒரு பிஞ்சு கூட நிக்கறதில்லை"ன்னு எழுதி, 140 பேருக்கும் போயிருச்சு. அந்தக்காவுக்கும். இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் விசேசத்துல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. அப்பறம் ஒருத்தர் லீவுல போனாரு. "நான் விடுப்பில் இருக்கிறேன்"னு தானா போற பதில் குழுவுக்கு வர, அதுக்கே அது பதில் சொல்ல, விடியறதுக்குள்ள பெட்டி ரொம்பி வழிஞ்சுது.

எனக்கு ஃபோரம் பிடிச்சதுக்குக் காரணம் பப்பாளி மாவுப்பூச்சி. இங்க கோவையில அதை 2008ல கண்டுபிடிச்சாங்க. மறு வருசம் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எதுவும் மிச்சமில்லை. மெயில்ல அதைப் பத்தி வந்தது எல்லாம் வேற வேற தலைப்புல செதறிக் கிடந்துச்சு. "Re: Re: வணக்கம்"னு ஒரு மெயிலுக்குள்ளதான் உருப்படியான யோசனையே இருந்துச்சு, யாரு திறந்து பார்ப்பா? ஃபோரத்துல ஒரே இழை. 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து அந்த மாவுப்பூச்சியை அழிக்கற ஒட்டுண்ணிக் குளவி வரவழைச்சு விட்டப்ப, எங்க கிடைக்கும், விட்ட பொறகு மருந்தடிக்கக் கூடாதுங்கறது வரைக்கும் வரிசையா அதுலயே இருந்துச்சு. சேராமலே படிக்கலாம். எனக்கெல்லாம் வாயத் திறக்க ஒரு வருசம் ஆச்சு. எங்க மெயில் குழுவுல அப்படிச் சத்தமில்லாம ஓரமா உக்காந்து பழைய பேச்சைப் படிக்க முடியலை.

ஒரு குறை மட்டும். படத்தையெல்லாம் ஓசியில வேற ஒரு இடத்துல ஏத்தியிருந்தோம். 2017ல அவங்க காசு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. இழை இன்னும் இருக்கு, "மேலே படத்தில் உள்ளது போல"ன்னும் இருக்கு. மேலே வெறும் கட்டம்.

வால்வு ரேடியோ, பெருந்துறை

ஒரே ஒரு எச்சரிக்கை. மெயில் குழுவை நாமளே நடத்தறது இப்ப முன்ன மாதிரி இல்லீங்க. மெயில் நெசமாவே அந்த முகவரியில இருந்துதான் வந்துச்சான்னு பார்க்கற டிமார்க்னு ஒரு கட்டுப்பாட்டை, 2014ல பெரிய மெயில் நிறுவனம் ஒன்னு கடுமையாக்குச்சு. எங்க குழு வழியா சுத்தி வந்த மெயில் எல்லாம் கள்ளக் கடுதாசின்னு திரும்பிருச்சு. பாதிப் பேரு எங்களுக்கு எதுவுமே வர்றதில்லைன்னு கோவிச்சுக்கிட்டாங்க.

ரெண்டையும் சேர்த்தே வெக்கலாமே? மெயில் குழு நடத்தற மெயில்மேன் 3ங்கற மென்பொருள்ல ஹைப்பர்கிட்டின்னு ஒன்னு இருக்கு, வந்த மெயிலெல்லாம் ஃபோரம் மாதிரி பக்கத்துல நிக்கும். டிஸ்கோர்ஸ்னு இன்னொரு மென்பொருள் அதைத் திருப்பிப் போட்டது, ஃபோரம்தான், ஆனா மெயில்லயே பதில் எழுதலாம்.

அமராவதி ஆத்து மணல், கரூர்

சரிதானுங்க. எதை வெச்சாலும் சாவி, அதாவது நிர்வாகப் பாஸ்வேர்டு, மூனு பேர் கையில இருக்கட்டும்.

மாடித்தோட்டம் அம்மணி, கோவை

எண்ணிக்கைக்கு, பறவைக் கணக்கைப் பதியற ஈபேர்டு வெப்சைட்டு இருக்கே அண்ணா? பொங்கலுக்குப் பொங்கல் பறவை எண்ணுவாங்களே, அதெல்லாம் அங்கதான ஏத்தறாங்க. கணக்கை அதுல போட்டுட்டு, பேச்சுக்கு மட்டும் இடம் தேடுங்க.

குளத்தங்கரை, திருப்பூர்

எல்லாருக்கும் நன்றிங்க. கணக்கு ஈபேர்டுல, பேச்சு மெயில்ல பதில் போடற ஃபோரத்துல, சாவி மூனு பேருகிட்ட, மாசத்துக்கொரு பேக்கப். தலைப்புல குளத்து பேரும் தேதியும் இல்லைன்னா பதிவு நிக்காது. இவ்வளவு வரைக்கும் ஒத்துக்கிட்டாங்க.

ஒன்னுதான் பாக்கி. எங்க கூட்டத்துல 78 வயசு ஐயா ஒருத்தர், மெயிலும் இல்லை, போனும் பட்டன் போன். 1994ல இருந்து குளத்துக்கு வர்ற பறவையெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்காரு. மொத்தம் 31 நோட்டு. அந்தப் பொண்ணு கேட்ட வாத்துக் கணக்கு வருசவாரியா அதுலதான் இருந்துச்சு. தட்டச்சு பண்ண யாராச்சும் வர்றீங்களா? நோட்டை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போக விடமாட்டாரு. அவரு திண்ணையில உக்காந்துதான் அடிக்கணும். காப்பி கிடைக்கும்.