ஃபயர்வாலும் வரவுசெலவுக் கணக்கும் ஒரே வகுப்பில்: படித்தவர்களின் அனுபவப் பகிர்வு

தொடக்கப் பகிர்வு – ஊடுருவல் சோதனையாளர்

நிறுவனங்களின் அனுமதியோடு அவற்றின் கணினிகளுக்குள் நுழைய முயன்று குறைகளைக் கண்டறியும் ஊடுருவல் சோதனையாளராக ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, சைபர் பாதுகாப்பு, வணிகத் தலைமை, தொழில்முனைவு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் ஒரு முதுநிலைப் படிப்பில் சேர்ந்து, அண்மையில்தான் முடித்தேன். இத்தகைய படிப்பைப் பற்றி விளம்பரக் கையேட்டில் இருப்பது ஒன்று, வகுப்பில் உட்கார்ந்த பிறகு நேர்வது வேறொன்று என்பதால், படித்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை இங்கே எழுதினால் சேர நினைப்பவர்களுக்கு உதவும். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

என்னைப் படிக்கத் துரத்தியது ஓர் அறிக்கை. ஒரு நிறுவனத்தின் வலையமைப்பைச் சோதித்து, உடனே சரிசெய்ய வேண்டியவை என்று பதினான்கு குறைகளைச் சிவப்பில் குறித்துக் கொடுத்திருந்தேன். மறு ஆண்டு அதே நிறுவனம் அழைத்தபோது அவற்றில் பதினொன்று அப்படியே இருந்தன. நிர்வாகத்துக்குப் பாதுகாப்பில் அக்கறை இல்லை என்று முடிவுகட்டினேன். அக்கறை இல்லாதவர்கள் இரண்டாம் முறையும் பணம் கொடுத்துச் சோதிக்க அழைப்பார்களா என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அதைக் கேட்டவர், முதல் பருவத்தில் எங்களுக்கு நிதி மேலாண்மை நடத்திய பேராசிரியர்.

அவர் வைத்த பயிற்சி எளிமையானது. மாணவர்களில் நான்கு பேர் இயக்குநர் குழுவாக அமர்வார்கள். ஒருவர் ஏழு நிமிடத்துக்குள் ஒரு பாதுகாப்புச் செலவுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். மென்பொருள் பலவீனங்களின் தீவிரத்தைப் பத்துக்கு அளவிடும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண் 9.8 என்று நான் தொடங்கினேன். நிதி அதிகாரி வேடத்தில் இருந்த பேராசிரியர், "பத்துக்கு 9.8, சரி. போன மாதமும் வேறொன்றைக் காட்டி 9.8 என்றீர்கள். இரண்டில் எதற்கு முதலில் பணம் தரட்டும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த அடிப்படை மதிப்பெண் ஒரு பலவீனத்தின் தொழில்நுட்பத் தீவிரத்தை அளக்கிறதே தவிர, அந்தக் கணினி நின்றுபோனால் நிறுவனத்தின் எந்த வருமானம் நிற்கும் என்பதை அளப்பதில்லை. ஒன்பது ஆண்டுகளாக நான் எழுதிய அறிக்கைகள் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைப் படிப்பவரின் ஊகத்துக்கு விட்டவை.

பிறகு கணக்குக்கு வந்தோம். ஒரு சம்பவம் நேர்ந்தால் ஏற்படக்கூடிய இழப்பை, அது ஆண்டுக்கு எத்தனை முறை நேரலாம் என்ற மதிப்பீட்டால் பெருக்கினால், ஆண்டு எதிர்பார்ப்பு இழப்பு கிடைக்கும். 5 கோடி இழப்பு தரக்கூடிய சம்பவம் பத்தாண்டுக்கு ஒருமுறை நேரலாம் என்றால் அது ஆண்டுக்கு 50 லட்சம். லாரன்ஸ் கார்டன், மார்ட்டின் லோப் என்ற இரு மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 2002இல் வெளியிட்ட மாதிரியின்படி, அவர்கள் எடுத்துக்கொண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒரு தகவல் தொகுதியைக் காக்கச் செலவிடத்தக்க தொகை அந்த எதிர்பார்ப்பு இழப்பில் 37 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. மேற்சொன்ன கணக்கில் அது 18.5 லட்சம். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் பூட்ட வேண்டும் என்று பழகிய ஒருவனிடம், சிலவற்றைப் பூட்டாமல் விடுவதே சரியான முடிவாக இருக்கலாம் என்று கணிதம் சொல்வது எளிதில் செரிக்கக்கூடியதல்ல. அந்தப் பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற எண் எங்கிருந்து வந்தது என்று சண்டையும் போட்டேன். எண் தவறாக இருந்தாலும் அதைத் திருத்த ஒருவர் முன்வருவார், நிறத்தை யாராலும் திருத்த முடியாது என்றார் பேராசிரியர். அவர் சொன்னதை முழுதாக ஏற்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

மறுமொழி – கணக்காய்வுத் துறையிலிருந்து சென்றவர்

நான் எதிர்த் திசையிலிருந்து வந்தேன். இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியும். லினக்ஸ் கட்டளைத் திரையைக் கண்டால் கை நடுங்கும். முதல் பருவ ஆய்வகத்தில், கணினியில் நடந்தவற்றைப் பதியும் லாக் கோப்புகளில் ஓர் ஊடுருவலைத் தேடிப் பிடிக்கும் பயிற்சியில், பக்கத்தில் இருந்தவர் இருபது நிமிடத்தில் முடித்ததை நான் இரண்டு இரவுகள் எடுத்து முடித்தேன். அந்த இரண்டு இரவுகள் வீணாகவில்லை. ஊடுருவியவன் நுழைந்த நேரத்துக்கும் யாரோ ஒருவர் அதைக் கவனித்த நேரத்துக்கும் இடையில் எவ்வளவு நீளமான அமைதி இருக்கிறது என்பதை விரிவுரையில் கேட்பதும், வரி வரியாக நகர்த்திப் பார்ப்பதும் ஒன்றல்ல.

எனக்கு இந்தப் படிப்பின் மையம், மக்களின் கடன் வரலாற்றைத் தொகுக்கும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் பற்றிய வழக்காய்வுதான். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த பலவீனத்தைச் சரிசெய்யும் பேட்ச் 2017 மார்ச்சிலேயே வெளியாகிவிட்டது. மே மாதம் தகவல் திருட்டு தொடங்கியது. ஜூலை இறுதியில்தான் கண்டுபிடித்தார்கள். செப்டம்பரில் உலகுக்குச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேர். வலைப்போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால் அது மறையாக்கப்பட்ட தகவலோட்டத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது. சான்றிதழைப் புதுப்பித்ததும்தான் திருட்டு கண்ணில் பட்டது. 2019இல் எட்டப்பட்ட தீர்வின் தொகை 70 கோடி டாலர் வரை போகலாம் என்று அறிவிக்கப்பட்டது.

என் வகுப்பில் பொறியாளர்கள் எல்லோரும் பேட்ச் பற்றியே பேசினார்கள். நான் நிறுவன வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பாதுகாப்புத் தலைவர் சட்டப் பிரிவுத் தலைவரிடம் அறிக்கை அளித்துக்கொண்டிருந்தார். தகவல் தொழில்நுட்பத் தலைமை வேறொரு கிளையில் இருந்தது. பேட்ச் போடச் சொல்ல வேண்டியவர் ஒரு மரத்திலும் போட வேண்டியவர் இன்னொரு மரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். சான்றிதழைப் புதுப்பிப்பது எவருடைய பொறுப்புப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அரை மணி நேர விவாதத்துக்குப் பின்னும் வகுப்பு ஒத்துப்போகவில்லை. கணக்காய்வில் ஒரு சொத்துக்குப் பொறுப்பாளர் பெயர் இல்லையென்றால் நாங்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டவே மாட்டோம். அந்தப் பழைய பழக்கத்துக்கு இங்கே வேலை இருக்கிறது என்று தெரிந்த நாளில்தான் நான் வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறுமொழி – ஸ்டார்ட்அப் தொடங்கி மூடியவர்

மேலே இருவரும் தலைமைப் பகுதியைப் பற்றி எழுதிவிட்டதால், நான் தொழில்முனைவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மேகக் கணினிச் சேவைகளில் தவறாக அமைக்கப்பட்ட அனுமதிகளைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை எழுதி வைத்துக்கொண்டுதான் படிப்பில் சேர்ந்தேன். கருவி நன்றாக வேலை செய்தது. அதனால் வணிகமும் தானாக நடக்கும் என்று நினைத்தேன்.

தொழில்முனைவுப் பாடத்தில், ஒரு வரி நிரல்கூடச் சேர்க்காமல் நாற்பது வாடிக்கையாளர்களாகக்கூடியவர்களிடம் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். அதிலும் ஒரு கட்டுப்பாடு: நம் கருவியைப் பற்றிப் பேசக் கூடாது, அவர்கள் கடைசியாகச் சந்தித்த சிக்கலை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். முதல் பத்துப் பேரிடம் நான் அந்தக் கட்டுப்பாட்டை மீறினேன். பத்துப் பேரும் "அருமையான யோசனை" என்றார்கள். பதினொன்றாவது ஆளிடம் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். தவறான அனுமதிகளைக் கண்டுபிடிக்கும் கருவிகள் ஏற்கெனவே இரண்டு இருப்பதாகவும், அவை தரும் எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடப்பதாகவும், அவற்றில் எதை எந்தக் குழு சரிசெய்வது என்று தீர்மானிப்பதிலேயே தன் வாரம் போவதாகவும் அவர் சொன்னார். அடுத்த இருபத்தொன்பது பேரில் பெரும்பாலோர் அதையே வேறு சொற்களில் சொன்னார்கள். நான் எழுதியிருந்த கருவி அவர்களுடைய குவியலில் இன்னும் கொஞ்சம் கொட்டியிருக்கும்.

இன்னொரு பாடம் பொருளியல் வகுப்பில் கிடைத்தது. விற்பவருக்குத் தரம் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு மெல்ல வெளியேறிவிடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். பாதுகாப்புப் பொருள்களின் சந்தை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. தாக்குதல் நடக்காத ஆண்டில், நம் கருவி தடுத்ததால் நடக்கவில்லையா, யாரும் தாக்காததால் நடக்கவில்லையா என்று வாங்கியவரால் பிரித்தறிய முடியாது. ஆகவே அவர் தரத்தின் அடையாளங்களைத் தேடுகிறார். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் இருக்கிறதா, வெளித் தணிக்கையாளர் தரும் எஸ்ஓசி 2 அறிக்கை இருக்கிறதா என்று கொள்முதல் பிரிவு கேட்பதன் பொருள் இதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் கேள்விப் பட்டியலை வெறும் தாள்வேலை என்று ஏளனம் செய்தவன் நான். எஸ்ஓசி 2இன் இரண்டாம் வகை அறிக்கைக்குக் கட்டுப்பாடுகள் பல மாதங்கள் தொடர்ந்து இயங்கியதற்குச் சான்று காட்ட வேண்டும். பணம் கொட்டினாலும் அந்த மாதங்களைச் சுருக்க முடியாது. கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்ற கணக்கில் நான் இதைச் சேர்க்கவே இல்லை.

படிப்பு முடிந்தபின் இரண்டு பேருடன் நிறுவனத்தைத் தொடங்கினேன். பொருளை மாற்றினோம், எச்சரிக்கையைச் சரியான குழுவிடம் சேர்ப்பதை முன்னிறுத்தினோம். ஒரு பெரிய வாடிக்கையாளர் ஆறு மாதம் சோதித்தார். அவருடைய பொறியாளர்கள் தினமும் பயன்படுத்தினார்கள். ஆனால் கையெழுத்திட வேண்டியவர் அவர்கள் அல்லர். பட்ஜெட் வைத்திருந்தவரை நான் சந்தித்தது ஐந்தாம் மாதத்தில்தான். அதற்குள் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு முடிந்திருந்தது. பதினெட்டாம் மாதம் நிறுவனத்தை மூடினோம். பயன்படுத்துபவரும் பணம் தருபவரும் வெவ்வேறு ஆள் என்பதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன் என்பதுதான் இதில் வேடிக்கை.

மறுமொழி – பாதியில் விலகியவர்

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை என்பதையும் பதிந்து வைக்கிறேன். நான் சேர்ந்த படிப்பில் பாதுகாப்பு என்பது பெயரில்தான் இருந்தது. பன்னிரண்டு பாடங்களில் இரண்டு மட்டுமே அதைத் தொட்டன, ஆய்வகம் கிடையாது, ஒரு பாதுகாப்புச் சம்பவத்தை நேரில் கையாண்ட ஆசிரியர் ஒருவரும் இல்லை. அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட பாதுகாப்புக் கட்டமைப்பின் இரண்டாம் பதிப்பு 2024 பிப்ரவரியில் வந்து, ஆளுகை என்ற ஆறாவது செயற்பாட்டைச் சேர்த்திருந்தது. எங்களுக்கோ அடுத்த ஆண்டும் பழைய ஐந்தையே நடத்தினார்கள். நிர்வாகத்தையும் பாதுகாப்பையும் இணைப்பதாகச் சொல்லும் ஒரு படிப்பு, இணைப்பைப் பற்றியே பேசும் அந்தப் பகுதியை விட்டுவிட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இறுதித் திட்டப்பணியை மதிப்பிடுபவர்கள் யார் என்று கேளுங்கள்.

மறுமொழி – சம்பவ மீட்புக் குழுத் தலைவர்

பாதியில் விலகியவர் சொன்ன ஒன்றை வலியுறுத்துகிறேன்: சம்பவத்தைக் கையாண்டவர் நடத்தும் வகுப்பு வேறு தரத்தது. எங்களுக்கு ஒரு முழு நாள் ஒத்திகை வைத்தார்கள். தகவலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கிய நிறுவனத்தின் நிர்வாகக் குழுவாக நாங்கள் இருந்தோம். அரை மணிக்கு ஒருமுறை புதிய செய்தி ஒன்று உறையில் வந்தது. பேக்கப்பும் பூட்டப்பட்டுவிட்டது, பத்திரிகையாளர் ஒருவர் அழைக்கிறார், ஊழியர்களின் சம்பளம் நாளை மறுநாள் போக வேண்டும் என்று அவை அடுக்கடுக்காக வந்தன. தொழில்நுட்பத்தில் எங்களில் மிகத் தேர்ந்தவர் தீங்குநிரலின் வகையை அடையாளம் காண்பதில் மூழ்கியிருந்தார். அவர் அப்படி மூழ்கியிருந்த மூன்று மணி நேரத்தில் ஒருவரும் சட்ட ஆலோசகரை அழைக்கவில்லை. ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, மீறல் தெரியவந்ததிலிருந்து அதைக் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க 72 மணி நேரம் தருகிறது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதி, சம்பவம் முதலீட்டாளருக்கு முக்கியமானது என்று நிறுவனம் தீர்மானித்ததிலிருந்து அதை வெளியிட நான்கு வேலைநாள்கள் தருகிறது. கடிகாரம் ஓடத் தொடங்கியதே எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை மெர்ஸ்க்கின் கதையைப் படித்தோம். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீங்குநிரல் தாக்கியபோது அந்தக் கப்பல் நிறுவனம் பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவியதாக அதன் தலைவர் பின்னர் சொன்னார். கானாவில் மின்தடையால் இணைப்பு அறுந்திருந்த ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர் (வலையமைப்பின் பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் வைத்திருக்கும் சர்வர்) தப்பியதால்தான் மீட்பு அந்த வேகத்தில் சாத்தியமானது. அதிர்ஷ்டத்தைத் திட்டம் என்று எழுதிவைக்க முடியாது என்று ஆசிரியர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஊபரின் முன்னாள் பாதுகாப்புத் தலைவர் வழக்குதான் என் நினைவில் நிற்பது. 2016இல் நடந்த தகவல் திருட்டை மறைத்ததற்காக 2022இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. மறு ஆண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை கிடைத்தது. வகுப்பில் பாதிப்பேர் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். நிறுவனத் தலைமைக்குத் தெரிந்தே நடந்ததற்கு ஒருவர் மட்டும் ஏன் பொறுப்பு என்றார்கள். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அண்மையில் நள்ளிரவில் நேர்ந்த ஒரு சம்பவத்தில், முதல் கட்டளையைத் தட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நேரம், அப்போது எங்களுக்குத் தெரிந்தவை, எடுத்த முடிவு, எடுத்தவர் என்று நான்கு கட்டம் போட்டேன். விடியும்போது அதில் முப்பத்தொரு வரிகள் இருந்தன. சட்டப் பிரிவினர் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.

தொடக்கப் பகிர்வு எழுதியவர் மீண்டும்

ஸ்டார்ட்அப் மூடியவர் எழுதியதைப் படித்ததும் என் கதையின் மிச்சத்தையும் எழுதத் தோன்றியது. பதினொரு குறைகள் அப்படியே கிடந்த அதே நிறுவனத்துக்குச் சென்ற மாதம் மீண்டும் போனேன். இந்த முறை நீண்ட அறிக்கைக்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் வைத்தேன். ஒவ்வொரு குறைக்கும் எந்த வருமானம் நிற்கும், ஆண்டு இழப்பு மதிப்பீடு எவ்வளவு, சரிசெய்ய எவ்வளவு ஆகும், பொறுப்பாளர் யார் என்று மட்டும் அதில் எழுதியிருந்தேன். என் மதிப்பீடுகளில் மூன்றை நிதி அதிகாரி தவறென்று திருத்தினார், திருத்தியது சரிதான். ஒன்பதுக்குப் பணம் ஒதுக்கினார்கள். மீதி இரண்டின் இடரை ஏற்றுக்கொள்வதாக அவர் கையெழுத்திட்டு, கீழே மறுபரிசீலனைத் தேதியையும் தானே எழுதிக் கொடுத்தார்.