மறு: டிஸ்பர்ஷன் – கடலலைக்கு 'நிறப்பிரிகை' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாமாண்டு இயற்பியல் மாணவர்களுக்கான அலைகள் பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். டிஸ்பர்ஷனுக்குத் தமிழில் என்ன போடுவது என்ற இந்த ஒரு சொல்தான் பாக்கி. உங்கள் கடிதங்களிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

> பள்ளி நூலில் நிறப்பிரிகை இருக்கிறதே, அதையே போடலாம்.

வெள்ளொளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டுகிற முப்பட்டகத்துக்கு அது அருமையான சொல். ஆனால் நம் பாடம் ஆழ்கடலில் தொடங்குகிறது, அங்கே நிறம் ஏது? அலைநீளத்துக்கு ஏற்ப வேகம் மாறுகிறது, அதுதான் செய்தி. ஆழ்கடலில் 100 மீட்டர் அலைநீளமுள்ள அலை நொடிக்குச் சுமார் 12.5 மீட்டர் போகும், 25 மீட்டர் அலைக்கு அதில் பாதிதான். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் அடித்தால் கன்னியாகுமரிக் கரைக்கு நீண்ட அலைகள்தான் முந்தி வரும். காற்றே இல்லாத நாளில் கடல் ஊருக்குள் ஏறுகிற கள்ளக்கடல் இப்படி வருகிற நீண்ட அலைகளின் வேலை. இதை நிறப்பிரிகை என்று எந்த ஆசிரியர் வாய்கூசாமல் சொல்வார்?

> சிதறல் எளிமையானது.

எளிமைதான், ஆனால் ராமன் சிதறல் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது. புள்ளியியலிலும் சிதறல் அளவைகள் உண்டு.

> விரவல் தூய தமிழ்.

ஐயா, விரவுதல் என்றால் கலத்தல். இரு திணைக்கும் பொதுவாக வருவதால்தானே விரவுப்பெயர் என்கிறோம்? இங்கே நடப்பது நேர் எதிர், கலந்து கிளம்பிய அலைகள் போகப்போகத் தனித்தனியாகின்றன.

> அலையை விட்டுத் திரை என்போம்.

திரை எனக்கும் பிடிக்கும். பால் திரைவதும் தோல் திரைவதும் கடல் திரையும் ஒரே வேர் என்று நினைக்கிறேன், மேற்பரப்பு சுருங்கி மடிவதை அவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் திரைப்பிரிகை என்றால் இன்றைய பையன் சினிமாவுக்குப் போய்விடுவான்.

என் முன்மொழிவு அலைப்பிரிகை. அலைப்பிரிப்பு என்று வேண்டாம், அலைகளை யாரும் பிரிக்கவில்லை, தாமே பிரிகின்றன. வேதியியலில் மூலக்கூறுகள் எவ்வளவு பிரிகின்றன என்பதற்குப் பிரிகை வீதம் இருப்பதால் முன்னால் 'அலை' கட்டாயம். அதிர்வெண்ணையும் அலையெண்ணையும் (ஓரலகு நீளத்தில் எத்தனை அலை என்பது) இணைக்கும் சமன்பாடு அலைப்பிரிகைத் தொடர்பு. ஆழிப்பேரலையின் நீளத்துக்கு முன் கடலே ஆழமற்றது, 4000 மீட்டர் ஆழத்தில் அவ்வளவு நீண்ட அலை எந்த நீளமானாலும் நொடிக்குச் சுமார் 200 மீட்டர், ஆகவே அங்கே அலைப்பிரிகை அநேகமாக இல்லை. நிறப்பிரிகையும் இதன் ஒரு வகையாக அடங்கிவிடும்.

> மேற்படிப்பு ஆங்கிலத்தில்தானே, டிஸ்பர்ஷன் என்றே எழுதுங்கள்.

இதை நான் ஏற்க மாட்டேன். சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதுகிற மாணவர்களே 'அப்படியென்றால் என்ன?' என்று கேட்டால் வாயடைத்து நிற்கிறார்கள். சொல்லிலேயே 'பிரி' இருந்தால் பேச ஒரு பிடி கிடைக்கும். ஆங்கிலச் சொல்லைச் சொல்லடைவில் தமிழ் எழுத்தில் தருகிறேன். இலங்கை நண்பர்கள் கேட்டபடி அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் அங்கே வழங்கும் மீடிறனும் வரும்.

இதுவரை நான்கு பேர் அலைப்பிரிகைக்குச் சரி என்றிருக்கிறார்கள். விரவல் ஐயா இன்னும் இறங்கி வரவில்லை. வேறு சொல் இருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள், அதிர்வெண்ணையும் அலையெண்ணையும் இணைக்கிற சமன்பாட்டுக்கும் உங்கள் சொல்லிலிருந்தே ஒரு பெயர் ஆக்கிக் காட்டுங்கள்.