காம்பூர் ராப்பிட் ஷட்டரைச் சுத்தம் செய்து உலர்த்துவது எப்படி?

கேள்வி: வணக்கம். என்னிடமுள்ள பழைய மடிப்புக் கேமராவின் காம்பூர் ராப்பிட் ஷட்டர் (லென்ஸ்களுக்கு நடுவே மெல்லிய தகடுகள் திறந்து மூடும் வகை) 1/100 நொடியில் சரியாக இயங்கினாலும், 1 நொடியில் வைத்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. தகடுகளின் மேல் எண்ணெய்ப் பசையும் மினுங்குகிறது. லைட்டர் திரவத்தை ஊற்றி உலரவிட்டால் போதுமா?

பதில் 1: தயவுசெய்து ஊற்றாதீர்கள். உள்ளேயுள்ள பழைய எண்ணெயைக் கரைக்கும் திரவம், தான் ஆவியாகும்போது அதைத் தகடுகளின் மேல் மெல்லிய படலமாக விட்டுச்செல்லும். முன், பின் லென்ஸ்களைக் கழற்றி வைத்துவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியை லைட்டர் திரவத்தில் லேசாக நனைத்து, மூடிய தகடுகளை இருபுறமும் மெதுவாகத் துடையுங்கள். உலர்ந்தபின் ஒருமுறை இயக்கிப் பார்த்து, பஞ்சில் கறை படியாத வரை இதையே தொடருங்கள்.

பதில் 2: உலர்த்துவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஈரமாக இருக்கும்போது ஷட்டர் சீராக ஓடுவதுபோலத் தோன்றும். உலர்ந்தபின் மீண்டும் ஒட்டும் என்பதால், அதை நம்பி லென்ஸை மாட்டிவிட வேண்டாம். தலைமுடி உலர்த்தியும் வேண்டாம்: சூட்டில் கிரீஸ் இளகி மறுபடி தகடுகளுக்கு இறங்கும். தூசி படாமல் மூடி, நெருப்பில்லாத, காற்றோட்டமான அறையில் ஓர் இரவு வைத்திருங்கள்.

பதில் 3: தகடுகளைத் துடைப்பதால் மட்டும் 1 நொடி சரியாகிவிடாது, ஏனெனில் மெதுவான வேகங்களைத் தாமதப்படுத்துவது தனியான ஒரு சிறு பற்சக்கரத் தொகுதி. அதைச் சுத்தம் செய்தபின் அச்சுமுனைகளில் மட்டும் ஊசிநுனியளவு கைக்கடிகார எண்ணெய் வைக்கலாம். தகடுகளுக்கு ஒருபோதும் எண்ணெய் கூடாது. இன்னொன்று, 1/500 வேகத்தை ஷட்டரை முறுக்குவதற்கு (நெம்புகோலைத் தள்ளி இயங்கத் தயாராக்குவதற்கு) முன்பே அமைத்துவிடுங்கள்.